50 கேட்டார், 500 வந்தது: கறிக்கோழிப் பண்ணைக்கு வழிகாட்டிய செசில் ஸ்டீல்

வீட்டுப் புறக்கடையில் வளர்க்க 50 கோழிக்குஞ்சு வேண்டும் என்று பொரிப்பகத்தில் சொல்லி வைக்கிறீர்கள். சொன்ன நாளில் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. எண்ணிப் பார்த்தால் 500 இருக்கிறது. அத்தனை குஞ்சுக்கும் இடம் இல்லை. தீவனம் வாங்கி வைக்கவில்லை. சூடு கொடுக்கவும் ஏற்பாடு இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம்மில் பலர் உடனே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அதில் தவறும் இல்லை. ஆனால் 1923-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கிராமத்துப் பெண் அப்படிச் செய்யவில்லை. வந்த 500-ஐயும் வைத்துக்கொண்டார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் கறிக்கோழிப் பண்ணைத் தொழிலின் கதையைச் சொல்பவர்கள் அவருடைய அந்த முடிவில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் பெயர் செசில் ஸ்டீல்.

நான் உழவியல் படித்தவர் என்ற முறையில் பயிர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன். ஆனால் பயிற்சி வகுப்புகளில் புறக்கடைக் கோழி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பெண்ணின் கதையைச் சொல்வது வழக்கம். குஞ்சு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. துணிச்சல் பற்றிய பாடம் மட்டுமல்ல, கணக்கு பற்றிய பாடமும் இருக்கிறது.

கடலோர மணல் பூமி

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் டெலவேர், மேரிலாண்ட், வர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலங்களின் பகுதிகள் சேர்ந்த ஒரு தீபகற்பம் இருக்கிறது. மூன்று பெயர்களையும் இணைத்து அதை டெல்மார்வா என்கிறார்கள். நிலம் சமவெளி. மண் பெரும்பாலும் மணற்பாங்கானது, தண்ணீர் தேங்காது. கடல் அருகில் இருப்பதால் குளிர்காலமும் உள்நாட்டைப் போலக் கடுமையாக இருக்காது. ஸ்ட்ராபெர்ரி, மக்காச்சோளம், காய்கறி என்று சிறு விவசாயிகள் பிழைத்து வந்த பகுதி அது.

அங்கே டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் மாவட்டத்தில், ஓஷன் வியூ என்ற சிற்றூரில் செசில் வாழ்ந்தார். 1900-ல் பிறந்தவர். கணவர் வில்மர் ஸ்டீல், பக்கத்தில் உள்ள பெத்தனி கடற்கரையில் கடலோரக் காவல் படையில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. செசில் வீட்டில் கொஞ்சம் முட்டைக்கோழிகள் வைத்திருந்தார். முட்டை விற்ற காசு கைச்செலவுக்கு உதவியது. நம் ஊர்ப் பெண்கள் செய்வதும் இதுதானே!

அந்தக் காலத்தில் கோழி என்றால் முட்டைக்காகத்தான். கறி என்பது உபரி. முட்டை இடுவதை நிறுத்திய கிழட்டுக் கோழிகளும், குஞ்சுகளில் தப்பாமல் வந்துவிடும் சேவல்களும்தான் கறிக்குப் போயின. இளம் கோழிக்கறி ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கிடைக்கும். அதனால் விலையும் அதிகம். கறிக்காகவே குஞ்சு வாங்கி வளர்ப்பது என்ற முயற்சி அதற்கு முன் நடக்காமல் இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நியூஜெர்சி மாநிலத்தின் ஹம்மன்டன் பகுதியில் சிலர் முயன்றார்கள். நீடிக்கவில்லை.

அது நீடிக்காமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் வெயில் படாமல் அடைத்து வளர்த்த குஞ்சுகளுக்குக் கால் வலுவிழந்து, நிற்க முடியாமல் போகும். வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. மீன் எண்ணெயில் இருக்கும் இந்தச் சத்தை 1922-ல்தான் விஞ்ஞானிகள் தனியாக அடையாளம் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கோழித்தீவனத்தில் காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்க்கும் வழக்கம் பரவியது. செசில் வீட்டுக்குப் பெட்டி வந்து இறங்கியதும் சரியாக அந்தக் காலகட்டத்தில்தான். அறிவியல் அவருக்கு முன்னால் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

குஞ்சு வெளியூரில் இருந்து வந்த கதை

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அடைக்கோழி வைத்து வீட்டிலேயே குஞ்சு பொரித்த காலம் போய், பொரிப்பகத்தில் வாங்கும் பழக்கம் அப்போதுதான் அமெரிக்காவில் வேரூன்றி இருந்தது. இயற்கை செய்து வைத்த ஒரு ஏற்பாடுதான் இதைச் சாத்தியமாக்கியது. முட்டையை உடைத்து வெளியே வருவதற்கு முன் குஞ்சு மீதமுள்ள மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில் சுமார் 72 மணி நேரம் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். தாய்க்கோழி முதல் குஞ்சு பொரித்ததும் எழுந்து போய்விடாமல் கடைசிக் குஞ்சு வரை காத்திருக்க முடிவதும் இதனால்தான்.

இந்த மூன்று நாள் அவகாசத்தைப் பயன்படுத்தித்தான் குஞ்சுகளை ரயிலில் அனுப்பத் தொடங்கினார்கள். 1918-ல் அமெரிக்கத் தபால் துறையே ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்கத் தொடங்கியது. அதன்பின் பொரிப்பகங்கள் பெருகின. கிராமத்துப் பெண் ஒருவர் நினைத்தால் 50 குஞ்சுக்குச் சொல்லி அனுப்பலாம் என்ற நிலை வந்தது.

செசில் ஏன் 50 குஞ்சு கேட்டார்? தன் முட்டைக்கோழிகளில் இறந்துபோனவற்றின் இடத்தை நிரப்பத்தான். அந்த நாளில் ஒரு நாள் வயதில் ஆண், பெண் பிரித்துத் தரும் முறை கிடையாது. குஞ்சின் பின்புறத்தைப் பார்த்துப் பால் கண்டறியும் முறையை ஜப்பானிய நிபுணர்கள் உருவாக்கி, அது அமெரிக்காவுக்கு வந்தது 1930-களில்தான். ஆகவே 50 குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகும். மிச்சத்தில் கொஞ்சம் செத்தும் போகும். கடைசியில் 20 பெட்டைக்கோழி தேறினால் பெரிய விஷயம். அந்தக் கணக்கில் 50 என்பது ஒரு குடும்பத்துக்குப் பொருத்தமான எண்தான்.

வந்தது 500. பொரிப்பகத்தில் ஒரு சுழி கூடிவிட்டது.

பியானோ பெட்டியும் 16 அடிக் கொட்டகையும்

செசிலுக்கு அப்போது 23 வயது. குஞ்சுகளைத் திருப்பி அனுப்பாமல், பியானோ வந்த பெரிய காலி மரப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்தார். அதற்குள் ஒரு மரக்கடைக்காரரிடம் சொல்லி, 16 அடி நீளம், 16 அடி அகலத்தில் ஒரு கொட்டகை கட்டச் செய்தார். நடுவில் நிலக்கரி அடுப்பு வைத்துக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்தார்.

இங்கே நீங்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256 சதுர அடி. அதில் 500 குஞ்சு. ஒன்றுக்கு அரை சதுர அடிதான் கிடைக்கும். முதல் சில வாரங்களுக்கு அது போதும். வளர்ந்த கறிக்கோழிக்கு இன்று நாம் குறைந்தது ஒரு சதுர அடி ஒதுக்கச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் அவருடைய கொட்டகை 250 கோழிக்குத்தான் சரியானது.

18 வாரம் வளர்த்தார். 387 கோழிகள் பிழைத்தன. 113 இறந்துபோயின. அதாவது நூற்றுக்கு 22-க்கும் மேல் இழப்பு. இன்றைய பண்ணையாளர் ஒருவர் இந்த இழப்பைக் கேட்டால் திகைத்துப்போவார். அவர் நூற்றுக்கு 5-ஐத் தாண்டினாலே கவலைப்படுவார். ஆனால் அன்று தடுப்பூசி கிடையாது. ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது. சல்ஃபா மருந்துகள் வந்தது பிற்பாடு. தாய்க்கோழியிடம் இருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும் புல்லோரம் என்ற கழிச்சல் நோய் பொரிப்பகங்களில் பரவியிருந்த காலம் அது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் வேறு, இது வேறு. தாய்க்கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து, நோய் உள்ளவற்றைக் கழித்துக்கட்டும் தேசியத் திட்டம் அமெரிக்காவில் 1935-ல்தான் வந்தது.

பிழைத்த கோழிகள் ஒவ்வொன்றும் 2 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் ஒரு கிலோ எடை இருந்தன. 18 வாரத்தில் ஒரு கிலோ! ஏறக்குறைய நம் நாட்டுக்கோழியின் வேகம்தான். இன்றைய கறிக்கோழி 6 வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் விலையைப் பாருங்கள். பவுண்டுக்கு 62 சென்ட் கிடைத்தது. ஒரு கோழி 2 பவுண்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 387 கோழிக்கு 480 டாலர் ஆகிறது. கைச்செலவுக்கு முட்டை விற்றுக்கொண்டிருந்த வீட்டில் ஒரே தடவையில் இவ்வளவு பணம்.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த ஆண்டு அவரே 1,000 குஞ்சுக்குச் சொல்லி அனுப்பினார். இந்த முறை பிழை எதுவும் இல்லை.

ஒரு கொட்டகை பல கொட்டகை ஆனது

செசில் வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. எடுத்த எடுப்பில் பெரிய கட்டடம் எழுப்பவில்லை. அதே அளவுச் சிறிய கொட்டகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். 1925-ஐ ஒட்டி எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. வரிசையாகச் சிறு மரக்கொட்டகைகள். முன்னால் செசிலும் குழந்தைகளும், கோழிகளைப் பார்த்துக்கொண்ட வேலையாளும் நிற்கிறார்கள். வேலி ஓரத்தில் கட்டிய மரக்குடில்களைப் போலத்தான் அவை தெரியும். பெரிய தொழில் ஒன்று பிறந்த இடம் என்று யாரும் சொல்ல முடியாது.

வருமானம் நிலைத்ததும் வில்மர் காவல் படை வேலையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலில் சேர்ந்தார். 1926-க்குள் 10,000 கோழி கொள்ளும் அளவுக்கு இடம் பெருகியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதல் தொகுதியில் நஷ்டம் வந்திருந்தாலும் வீட்டில் ஒரு சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு அவர்கள் கோழியில் இறங்கவில்லை. கோழி தன்னை நிரூபித்த பிறகுதான் சம்பளத்தை விட்டார்கள். செசிலின் துணிச்சலைப் பேசுகிறவர்கள் இந்த நிதானத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அக்கம்பக்கத்து விவசாயிகள் சும்மா இருப்பார்களா? ஸ்ட்ராபெர்ரியில் கிடைக்காத காசு கோழியில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அவர்களும் கொட்டகை போட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் டெல்மார்வா முழுவதும் நூற்றுக்கணக்கான பேர் கறிக்கோழி வளர்த்தார்கள். பொரிப்பகம், தீவனக்கடை, லாரி, வியாபாரி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்குச் சந்தையும் ஒரு காரணம். நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் ஆகிய பெருநகரங்கள் எட்டும் தூரத்தில் இருந்தன. நியூயார்க்கில் வாழ்ந்த யூத மக்கள் தங்கள் சமய முறைப்படி அறுத்த கோழியையே உண்பார்கள் என்பதால் உயிர்க்கோழிக்கு அங்கே நிலையான தேவை இருந்தது. டெலவேர் மாநிலத்தைத் தெற்கு வடக்காக இணைத்த நெடுஞ்சாலை 1924-ல் முடிந்தது. மாலையில் லாரியில் ஏற்றிய கோழி காலையில் நகரச் சந்தையில் இருந்தது. மண், பருவநிலை, சாலை, சந்தை, வைட்டமின் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தன. அந்த நேரத்தில் கையில் கோழியோடு நின்றவர் செசில்.

முடிவும் தொடர்ச்சியும்

செசில் நீண்ட காலம் வாழவில்லை. 1940-ல் மேரிலாண்டின் ஓஷன் சிட்டி கடல் பகுதியில் அவர்கள் சென்ற படகு வெடித்தது. கணவன், மனைவி இருவருமே இறந்துபோனார்கள். செசிலுக்கு அப்போது 40 வயதுதான் இருக்கும்.

தொழில் அவரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. கோழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் தேவை ஏறியது. 1948-ல் மார்பில் அதிகச் சதை பிடிக்கும், வேகமாக வளரும் கோழியைத் தேர்ந்தெடுக்கும் நாடு தழுவிய போட்டி ஒன்றை நடத்தினார்கள். அதன் இறுதிச்சுற்று நடந்த இடம் செசிலின் சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள ஜார்ஜ்டவுன் ஆராய்ச்சிப் பண்ணை. இன்றைய கறிக்கோழி இனங்களின் வரலாற்றில் அந்தப் போட்டிக்குப் பெரிய இடம் உண்டு.

செசிலின் கொட்டகை ஒன்றையும் அதே ஆராய்ச்சிப் பண்ணையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1974-ல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அரண்மனை, கோட்டைகளுக்கு நடுவே ஒரு கோழிக் கொட்டகை!

கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-களில் இருந்து அமெரிக்காவில் தீவன வியாபாரிகள் கடனுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து, கோழி விற்றபின் கழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதுவே நாளடைவில் ஒப்பந்த முறையாக மாறியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. எடைக்கு ஏற்பக் கூலி. செசிலைப் போலத் தானே வாங்கித் தானே விலை பேசி விற்ற பண்ணையாளர்கள் குறைந்து போனார்கள். 1990-களில் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் வேகமாகப் பரவிய ஒப்பந்தக் கோழி வளர்ப்பும் இதே வழிமுறைதான். சந்தை இழப்பில் இருந்து அது விவசாயியைக் காக்கிறது. அதே சமயம் விலை சொல்லும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மண் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்மார்வாவில் ஆண்டுக்கணக்காகக் கோழிக் கூளத்தை அதே வயல்களில் கொட்டினார்கள். பயிர் எடுத்தது போக மணிச்சத்து மண்ணில் மிஞ்சிக்கொண்டே வந்தது. அது மழைநீரோடு செசாபீக் வளைகுடாவுக்குப் போனது. பாசி பெருகி, மீன்வளம் பாதித்தது. 1998-ல் மேரிலாண்டும், 1999-ல் டெலவேரும் உரமிடுதலைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கோழி எரு நல்ல உரம்தான். ஆனால் மட்கவைத்து, மண் பரிசோதனை செய்து, தேவைக்கு ஏற்பப் போட வேண்டும். கொட்டகை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரே வயலில் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

உங்கள் பெட்டி வரும் நாளில்

இப்போது உங்கள் புறக்கடைக்கு வருவோம். செசிலுக்கு நேர்ந்த பிழை லாபத்தில் முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியாது. சிறு வயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் சிவப்பு, பச்சைச் சாயம் பூசிய குஞ்சுகளை ஆசையாக வாங்கி வந்து, ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் புதைத்த அனுபவம் எனக்கு உண்டு. பொரிப்பகங்களில் கழித்துவிட்ட முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் அப்படிச் சாயம் பூசி வருகின்றன என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அவை முட்டையும் தராது, கறியும் சீக்கிரம் வைக்காது. தடுப்பூசியும் போட்டிருக்காது.

குஞ்சுக்குச் சொல்லும்போது வாய் வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். எண்ணிக்கை, இனம், பெட்டையா கலப்பா, வயது, வரும் தேதி, கொடுத்த முன்பணம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். இப்போது கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாலே போதும், அது சாட்சியாக நிற்கும். 100 குஞ்சுக்கு 2 குஞ்சு கூடுதலாகத் தரும் வழக்கம் சில பொரிப்பகங்களில் உண்டு. அதையும் கேட்டு வையுங்கள். வழியில் இறக்கும் குஞ்சுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எந்தக் குஞ்சு என்பதும் முக்கியம். முட்டைக்கா, கறிக்கா, இரண்டுக்குமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். புறக்கடையில் மேய்ந்து வளர நந்தனம் கோழி, வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் இருக்கின்றன. பண்ணைக்கு வளர்க்கும் கறிக்கோழிக் குஞ்சை வாங்கி வந்து தெருவில் மேயவிட்டால் அது தாங்காது.

பெட்டி வருவதற்கு முதல் நாளே கூளம் பரப்பி, அடைகாப்பான் விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். குஞ்சு வந்தபின் பியானோ பெட்டி தேடும் நிலை வேண்டாம். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு ஒரு வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு போடலாம். குளிர் அதிகம் என்றால் இரண்டு வாட். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். விளக்கடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து, மேய்ந்து திரிந்தால் சரியாக இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் எண்ணுங்கள். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். உரோமம் உலர்ந்து பஞ்சு போல் இருக்க வேண்டும். கொப்பூழ் நன்றாக மூடியிருக்க வேண்டும். பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாத்திப் போட்டால் நொடிகளில் புரண்டு எழ வேண்டும். கால் வளைந்தது, கொப்பூழில் ரத்தம் கசிவது, சோர்ந்து தலை தொங்குவது எதையும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். குறையிருந்தால் அப்போதே படம் எடுத்துப் பொரிப்பகத்துக்குத் தெரிவியுங்கள். மறுநாள் சொன்னால் எடுபடாது.

முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். தூரத்தில் இருந்து வந்த குஞ்சுக்கு வெல்லமோ குளுக்கோஸோ கரைத்த தண்ணீரில் மூக்கை ஒருமுறை நனைத்துக் காட்டினால் மற்றதை அது கற்றுக்கொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவை நம்பி இரண்டு நாள் சும்மா விடலாம் என்று நினைக்காதீர்கள். அது பயணத்துக்கான சேமிப்பு. உங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்த பின் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

மேரக்ஸ் நோய்த் தடுப்பூசியைப் பொரிப்பகத்திலேயே முதல் நாளில் போட்டிருக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 5 முதல் 7-ம் நாளுக்குள் ராணிக்கெட் சொட்டு மருந்து, 14-ம் நாளை ஒட்டி கம்போரோ தடுப்பு மருந்து. அதற்குப் பிறகான அட்டவணையை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செசில் இழந்த 113 குஞ்சுகளின் காலத்தில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் பயன்படுத்தாமல் இழந்தால் அதற்கு விதியைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. கேட்டதைவிட அதிகமாகக் குஞ்சு வந்துவிட்டால் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் இடமும் சூடும் இன்றைக்கே கொடுக்க முடியுமா? விற்கும் நாள் வரை தீவனத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா? விற்கும் நாளில் வாங்க ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் செசிலைப் போல வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கூடுதலாக வந்ததைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். 50 கோழியை நன்றாக வளர்த்து, அதில் கிடைத்த காசில் அடுத்த ஆண்டு 100 வாங்குவதும் செசில் காட்டிய வழிதான்.